கதைக்குக் கை தட்டியவர்கள்: வான்கூவர் பெண்கள் கிளப், ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் வான்கூவர் நகரத்து ஸ்டான்லி பார்க்கின் மேற்குக் கரையில் ஃபெர்குசன் பாயின்ட் என்று ஒரு முனை இருக்கிறது. அங்கே டீஹவுஸ் என்ற உணவகத்துக்கு வருகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போய்விடுவார்கள். பக்கத்தில் மரங்களுக்கு நடுவே கல்லால் கட்டிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்பது பலர் கண்ணில் படாது. ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் பாலீன் ஜான்சன், மோஹாக் என்ற பூர்வகுடி இனத்துக் கவிஞர். அவருடைய சாம்பல் அங்கேதான் இருக்கிறது. 1922ல் அந்தக் கல்லை வைத்தது நகரத்தின் பெண்கள் கனடியன் கிளப். தன் வாழ்வாலும் எழுத்தாலும் "நம் தேசத்துக்கு" உயர்வும் நன்மையும் தந்தவர் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த "நம்" என்ற சொல்லில்தான் எனக்கு இந்த ஆய்வு தொடங்கியது. தேசத்தின் பண்பாட்டையும் மரபையும் பற்றிப் பேச்சாளர்களை அழைத்துக் கேட்பதற்கென்றே பெண்கள் கூடிய ஒரு சங்கம். வசதியானவர்கள், படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள். அவர்கள் காதுக்கு எது எட்டியது, எது எட்டவில்லை என்பதை ஒரே ஒரு எழுத்தாளரை வைத்துப் பார்க்கலாம்.

சாப்பாடும் அரை மணி நேரப் பேச்சும்

கனடியன் கிளப் என்ற அமைப்பு 1892-93ல் ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டன் நகரத்தில் பிறந்தது. சார்ல்ஸ் மெக்கல்லோ என்பவர் முன்னின்று தொடங்கினார். நாட்டின் வரலாறு, கலை, இலக்கியம், நிறுவனங்கள், வளங்கள் இவற்றைக் கற்பதன் வழியாக நாட்டுப்பற்றை வளர்ப்பது நோக்கம். கட்சி அரசியல் கிடையாது. பல ஊர்களில் கிளைகள் வந்தன. எல்லாம் ஆண்களுக்கு. அலுவலகம் போகிற ஆண்களின் மதியச் சாப்பாட்டு வேளையை ஒட்டி அமைந்த சங்கம் அது. சாப்பிட்டுக்கொண்டே ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போய்விடலாம்.

பெண்களைச் சேர்க்காததால் பெண்கள் தனியாகவே தொடங்கினார்கள். 1907ல் மான்ட்ரியலில் ஜூலியா டிரம்மண்ட் முதல் தலைவராக ஒரு பெண்கள் கிளப் வந்தது. வான்கூவரில் 1909. அப்போது கனடாப் பெண்களுக்கு மாகாணத் தேர்தலிலும் ஓட்டு இல்லை, நாடாளுமன்றத் தேர்தலிலும் இல்லை. வான்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1917ல் வந்தது, நாடு முழுக்க 1918ல். ஓட்டுக்கு முன்பே மேடை வந்துவிட்டது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, கணக்கு வைப்பது, பேச்சாளருக்குக் கடிதம் எழுதுவது, நிதி திரட்டுவது என்று பொதுவாழ்க்கையின் அத்தனை வேலையையும் பெண்கள் இப்படிப்பட்ட சங்கங்களில்தான் பழகினார்கள். இதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடக் கூடாது.

ஆனால் இந்தச் சங்கத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். பேச்சாளர் வருவார், பேசுவார், நன்றியுரை சொல்வார்கள், கலைந்துபோவார்கள். கிளப் எதற்கும் ஆதரவாகவோ எதிராகவோ நிற்காது. நம் ஊரில் பொன்னாடை போர்த்தி முடித்துவிடுகிற இலக்கியக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே முறை. இந்த முறையில் ஒரு கதை சுலபமாக உள்ளே வந்துவிடும். கதைக்குக் கைதட்டு போதும். ஒரு மனு வந்தால் நிலைமை வேறு. யாராவது ஒரு தீர்மானம் போட வேண்டியிருக்கும், கிளப்போ தீர்மானம் போடுகிற இடம் இல்லை.

புத்தகம் போட்ட கமிட்டி

பாலீன் ஜான்சன் 1861ல் ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்ட் அருகே சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி நிலத்தில் பிறந்தவர். அப்பா மோஹாக் தலைவர், அம்மா இங்கிலாந்தில் பிறந்தவர். டெகாஹியோன்வாகே என்பது தன் கொள்ளுத்தாத்தாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட பெயர். 1892ல் டொரன்டோவில் ஒரு மேடையில் கவிதை சொல்லிக் கவனம் பெற்ற பிறகு, ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஊர் ஊராக ரயிலில் போய் நிகழ்ச்சி நடத்தியே பிழைத்தார்.

முதல் பாதியில் மான்தோல் உடை, கழுத்தில் கரடி நக மாலை, இடுப்பில் அப்பாவின் வேட்டைக் கத்தி. இடைவேளைக்குப் பிறகு ஐரோப்பிய மாலைக் கவுன். மான்தோல் உடை எந்த ஒரு இனத்தின் உடையும் அல்ல. ஹட்சன்ஸ் பே கம்பெனியில் வாங்கிய உடையோடு அங்கங்கே கிடைத்ததைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்டது. சபை எதைப் பார்க்க வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதை விற்கவும் தெரியும். அந்த உடை இன்று வான்கூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1909ல் உடம்பு முடியாமல் வான்கூவரில் தங்கிவிட்டார். மார்பகப் புற்றுநோய். கையில் காசு இல்லை. நகரத்து நாளிதழான பிராவின்ஸின் இணைப்பில், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஸ்குவாமிஷ் மக்களின் கதைகளை எழுதிக்கொண்டிருந்தார். 1911ல் அந்தக் கதைகளைப் புத்தகமாகப் போட்டு, வரும் பணத்தில் அவரைக் காப்பாற்றுவது என்று ஓர் அறக்கட்டளை போலச் சேர்ந்தார்கள். பெண் பத்திரிகையாளர் சங்கத்தினர், பெண்கள் கனடியன் கிளப்பினர், சில நகரப் பிரமுகர்கள். புத்தகம் நன்றாக விற்றது, அடுத்தடுத்துப் பதிப்பு வந்தது. மருத்துவச் செலவுக்குப் பணம் கிடைத்தது.

இந்த இடத்தில் கிளப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாகக் கிடந்த எழுத்தாளருக்குப் புத்தகம் விற்றுப் பணம் சேர்த்துக் கொடுக்கிற சங்கங்கள் உலகத்தில் அப்படியொன்றும் அதிகம் இல்லை. நம்மிடமும்தான் எத்தனை இருக்கின்றன? ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஜான்சன் அந்தப் புத்தகத்துக்கு வைக்க விரும்பிய பெயர் "கபிலானோவின் தொன்மங்கள்". கமிட்டி வைத்த பெயர் "வான்கூவரின் தொன்மங்கள்". விற்பனைக்கு இரண்டாவதுதான் நல்ல பெயர், சந்தேகமே இல்லை. ஆனால் வான்கூவர் என்ற நகரத்துக்கு அப்போது வயது 25. கதைகளின் வயதை யாரும் எண்ணியதில்லை.

கதை சொன்னவர்கள்

கபிலானோ என்பது ஓர் ஆற்றின் பெயராகவும் ஒரு மனிதரின் பெயராகவும் வழங்குகிறது. அந்த மனிதர் ஸ்குவாமிஷ் தலைவர் ஜோ கபிலானோ. 1906ல் இவரும் இன்னும் இரண்டு தலைவர்களும் லண்டனுக்குப் போய் மன்னர் ஏழாம் எட்வர்டைப் பார்த்தார்கள். தங்கள் நிலம் ஒப்பந்தம் ஏதுமில்லாமல் பறிக்கப்படுகிறது, வேட்டைக்கும் மீனுக்கும் தடை வருகிறது என்று முறையிடப் போன பயணம் அது. அந்த ஆகஸ்டில் ஜான்சனும் லண்டனில் இருந்தார். ஊரிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, கடற்கரைப் பகுதியின் வணிகக் கலப்புமொழியான சினூக்கில் அவருக்கு வணக்கம் சொன்னதுதான் நட்புக்குத் தொடக்கம் என்று தன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜான்சன் மோஹாக், அவர் ஸ்குவாமிஷ். நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது. சொந்த மொழி இருவருக்கும் வேறு வேறு.

ஜோ கபிலானோ லண்டனுக்கு எடுத்துப்போனது மனு. வான்கூவர் வாசகர்களிடம் வந்து சேர்ந்தது கதை. கதை புத்தகமாகி இன்றுவரை அச்சில் இருக்கிறது. மனுவுக்கு அவர் இருந்தவரை பதில் வரவில்லை, 1910ல் இறந்துபோனார்.

ஒரு கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வான்கூவருக்கு வடக்கே இரட்டைச் சிகரங்கள் தெரியும். வெள்ளையர்கள் வைத்த பெயர் சிங்கங்கள், நகரத்தின் பெரிய தொங்குபாலத்துக்கும் அந்தப் பெயரே. ஸ்குவாமிஷ் மொழியில் அவை இரட்டைச் சகோதரிகள். பெரிய தலைவர் ஒருவரின் இரண்டு பெண்கள் பருவமடைகிறார்கள். அந்தச் சடங்குக்கு நாள்கணக்கில் விருந்து. என்ன வேண்டும், கேளுங்கள் என்கிறார் அப்பா. வடக்கே நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற எதிரிகளையும் விருந்துக்குக் கூப்பிடுங்கள் என்கிறார்கள் பெண்கள். கேட்டதற்காகச் சம்மதிக்கிறார். எதிரிகள் பெண்டு பிள்ளைகளோடு படகில் வந்து இறங்குகிறார்கள், இரண்டு பக்கமும் பரிசுகள் கைமாறுகின்றன, சண்டை ஓய்கிறது. அந்தப் பெண்கள் இருவரும் மலைமுடிகளாக நிலைத்துவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் மஞ்சள் நீராட்டுக்குப் பங்காளிச் சண்டை மறந்து பத்திரிகை வைக்கிற பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

இதில் இரண்டு செய்தி ஒளிந்திருக்கிறது. ஒன்று, இப்படிப் பரிசு வழங்கி நடத்தும் பெருவிருந்துக்குப் பொட்லாட்ச் என்று பெயர். 1885 முதல் கனடாவில் அது சட்டப்படி குற்றம். புத்தகத்தில் படித்து வியக்கலாம், வீட்டில் நடத்தினால் சிறை. இன்னொன்று, இந்தக் கதை முதலில் 1909ல் ஓர் அமெரிக்க மகளிர் பத்திரிகையில் வந்தபோது அதைச் சொல்வது ஒரு பூர்வகுடிப் பெண். பிராவின்ஸில் மறுபடி வந்தபோது சொல்பவர் ஆணாக, தலைவராக மாறிவிட்டார். ஜோவின் மனைவி மேரி ஆக்னெஸ் கபிலானோவும் ஜான்சனுக்குக் கதை சொன்னவர்தான். புத்தகத்தில் அவர் பின்னுக்குப் போய்விட்டார். பெண்கள் சங்கம் ஒன்று கைகொடுத்து வெளிவந்த, ஒரு பெண் எழுதிய புத்தகத்தில் ஒரு பெண்ணின் குரல் இப்படித் தேய்ந்திருக்கிறது. இதற்குக் கமிட்டி காரணம் அல்ல. நாளிதழ் வாசகருக்குத் தலைவர் வாயால் வந்தால்தான் எடுபடும் என்று ஜான்சனே கணக்குப் போட்டிருக்கலாம். மான்தோல் உடையை உருவாக்கிக்கொண்டவரல்லவா.

மார்ச்சும் ஏப்ரலும்

1913 மார்ச் 7 அன்று ஜான்சன் இறந்தார். மூன்று நாள் கழித்து, அவருடைய 52ஆவது பிறந்தநாளில் இறுதிச் சடங்கு. வான்கூவர் அதுவரை பார்த்ததிலேயே பெரிய சவ ஊர்வலம் என்பார்கள். நகர அலுவலகங்கள் மூடின, கொடிகள் அரைக்கம்பத்தில் இறங்கின, ஸ்குவாமிஷ் மக்களும் தெருவோரம் நின்றார்கள். ஸ்டான்லி பார்க் மத்திய அரசின் நிலம், நகரம் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதில் யாரையும் அடக்கம் செய்ய முடியாது. ஜான்சனுக்காகச் சிறப்பு அனுமதி வாங்கி, அவர் விரும்பியபடி சிவாஷ் பாறை கண்ணில் படும் தூரத்தில் சாம்பலை வைத்தார்கள்.

அந்தப் பாறையின் பெயரே ஒரு வசைச்சொல். காட்டுமிராண்டி என்பதற்கான பிரெஞ்சுச் சொல் சினூக்கில் சிதைந்து சிவாஷ் ஆயிற்று. ஸ்குவாமிஷ் மொழியில் பாறைக்கு வேறு பெயர் உண்டு. ஜான்சன் அந்தப் பாறையைப் பற்றிச் சொல்லும் கதையோ தந்தைமையின் தூய்மையைப் பற்றியது.

ஊர்வலம் நடந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஏப்ரல் 1913ல், அதே நகரத்தில், ஃபால்ஸ் கிரீக் முகத்துவாரத்தின் மறுகரையில் செனாக் என்ற ஸ்குவாமிஷ் குடியிருப்பைக் காலி செய்தார்கள். மாகாண அரசு ஏறக்குறைய 20 குடும்பத் தலைவர்களிடம் ஆளுக்கு 11,250 டாலர் பேசி, மக்களைத் தட்டைப் படகில் ஏற்றி வடகரைக்கு அனுப்பியது. அவர்கள் போன பிறகு வீடுகள் கொளுத்தப்பட்டன. மார்ச்சில் கொடியை இறக்கிய நகரம் ஏப்ரலில் கொடியை இறக்கவில்லை.

அடுத்த ஆண்டு மே 23 அன்று இதே துறைமுகத்தில்தான் கோமகட்டா மாரு வந்து நின்றது. 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். இரண்டு மாதம் தண்ணீரிலேயே வைத்திருந்து ஜூலை 23 அன்று பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நம் பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியாக வரும் கப்பல் அதுதான்.

கல் வைத்த ஆண்டு

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1922. அந்த ஆண்டு கிளப் கல்லை நிறுவியது. அதே ஆண்டு பூங்காவின் நுழைவாயிலில் உள்ள நீர்நிலைக்கு, ஜான்சன் தன் கவிதையில் அழைத்த பெயரையே நகரம் அதிகாரப்பூர்வமாகச் சூட்டியது: லாஸ்ட் லகூன், தொலைந்த காயல். கடல் உள்வாங்கும்போது காயலும் வற்றிப்போகும், அவருக்குப் பிடித்த நீர் அப்படிக் காணாமல் போய்விடும் என்பதால் அந்தப் பெயர். 1916ல் குறுக்கே சாலை போட்டபோது கடலோடு தொடர்பு அறுந்து அது நிலையான குளமாகிவிட்டது. பெயர் கிடைத்தபோது பெயருக்குக் காரணம் போய்விட்டிருந்தது.

அதே 1922ல், வான்கூவர் தீவின் வடபகுதியில் அலர்ட் பே என்ற ஊரில் பொட்லாட்ச் நடத்திய குற்றத்துக்காக விசாரணை நடந்தது. முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் டான் கிரான்மர் என்பவர் வில்லேஜ் தீவில் பெரிய பொட்லாட்ச் வைத்திருந்தார். 45 பேர்மீது வழக்கு. நடனமாடியது, பேசியது, பரிசுப் பொருளைத் தூக்கி வந்தது எல்லாம் குற்றப்பட்டியலில் வந்தன. முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனை குறையும் என்று பேரம் பேசினார்கள். சுமார் 20 பேர் சிறைக்குப் போனார்கள். ஒப்படைத்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போயின, கொஞ்சம் ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு விற்கப்பட்டது. அந்தப் பொருள்களை மீட்டு வைக்க அலர்ட் பேயிலேயே உமிஸ்டா பண்பாட்டு மையம் திறக்க 1980 வரை ஆயிற்று.

பூங்காவுக்குள்ளேயே இன்னொன்று நடந்தது. பிராக்டன் பாயின்ட்டில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த, ஸ்குவாமிஷ், போர்ச்சுகீசிய, ஸ்காட்லாந்து ரத்தம் கலந்த குடும்பங்களை வெளியேற்ற 1923ல் வழக்கு தொடங்கியது. 1925ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1931ல் வீடுகள் எரிக்கப்பட்டன. இதே ஆண்டுகளில்தான் பூங்காவை அழகுபடுத்த, பூர்வகுடிகள் செதுக்கிய டோட்டம் மரக் கம்பங்களை வாங்கி நட்டார்கள். அவை வடக்கே அலர்ட் பே பக்கத்திலிருந்து வந்தவை, ஸ்குவாமிஷ் மக்களுடையவை அல்ல. பிற்பாடு அந்தக் கம்பங்களைக் குடும்பங்கள் இருந்த அதே பிராக்டன் பாயின்ட்டுக்கு மாற்றினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அதிகம் படமெடுக்கிற இடம் அது.

இதில் எதையும் பெண்கள் கிளப் செய்யவில்லை, சரி. பொட்லாட்ச் சட்டம் நாடாளுமன்றத்தினுடையது, வழக்கு நகராட்சியினுடையது. ஆனால் மரபைப் போற்றுவது என்றால் என்ன என்ற பொதுப் பழக்கத்தை இப்படிப்பட்ட சங்கங்கள்தான் உண்டாக்கின. இறந்தவருக்குக் கல், வாழ்கிறவருக்கு மௌனம் என்பது அந்தப் பழக்கம். பேச்சைக் கேட்டு நன்றி சொல்லிவிட்டுக் கலையும் முறையோடு அது இயல்பாகப் பொருந்திப்போனது. கெட்ட எண்ணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ரயிலிலிருந்து ரேடியோவுக்கு

இயக்கம் எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஊர்ச் சங்கத்தால் தொலைதூரப் பேச்சாளரைத் தனியாக வரவழைக்க முடியாது, செலவு தாங்காது. ரயில் பாதை நெடுக ஊருக்கு ஒரு சங்கம் இருந்தால் ஒரே பேச்சாளர் வழியெல்லாம் இறங்கிப் பேசிக்கொண்டே போகலாம். பேச்சு ஒன்றுதான், கேட்பவர்கள் பத்து ஊர். 1926ல் தேசியச் செயலாளராக வந்த கிரஹாம் ஸ்ப்ரை என்ற இளைஞர் இந்த வலைப்பின்னலை நன்றாகப் பயன்படுத்தினார். 1927 ஜூலை 1 அன்று, கூட்டாட்சியின் 60ஆம் ஆண்டு விழாவை ஒட்டி நாடு முழுக்கக் கேட்ட வானொலி ஒலிபரப்புக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. ஒரு தேசம் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்று அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். 1930ல் ஆலன் பிளான்ட்டுடன் சேர்ந்து கனடிய வானொலிக் கழகத்தைத் தொடங்கினார், பொது ஒலிபரப்பு வேண்டும் என்ற அந்தப் போராட்டத்தின் முடிவில் 1936ல் கனடாவின் பொது வானொலியான சிபிசி வந்தது. சாப்பாட்டு மேசைப் பேச்சு ஒரு பொது ஒலிபரப்பு நிறுவனம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது என்றால் நம்பத்தான் வேண்டும்.

விழாவும் ஒலிபரப்பும் நடந்த அதே 1927ல், பூர்வகுடியினரை "இந்தியர்" என்று அழைத்து அவர்களுக்கென்று போட்ட இந்தியர் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. நில உரிமை வழக்குக்காகப் பூர்வகுடி மக்களிடம் அரசு அனுமதியின்றிப் பணம் திரட்டுவது குற்றம் என்றது அது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழங்குடிக் கூட்டமைப்பு, ஸ்குவாமிஷ்காரரான ஆண்ட்ரூ பால் செயலாளராக இருந்த அமைப்பு, ஒட்டாவாவுக்குப் போய் நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடியதன் கைமேல் பலன். ஜோ கபிலானோ 1906ல் கேட்ட அதே கேள்வியைத்தான் இவர்களும் கேட்டார்கள். பொட்லாட்ச் தடையும் இந்தப் பிரிவும் 1951ல்தான் சட்டத்திலிருந்து விழுந்தன. மத்தியத் தேர்தலில் பூர்வகுடியினர் தங்கள் சட்ட அந்தஸ்தை இழக்காமல் ஓட்டுப் போட 1960 ஆயிற்று. வான்கூவரின் சீன, இந்திய வம்சாவளியினருக்கு 1947. "நம் தேசம்" என்று 1922ல் கல்லில் வெட்டியபோது அந்த "நம்" எவ்வளவு சின்னது என்பதற்கு இந்த ஆண்டுகள் போதும்.

பெயர் திரும்பி வந்தது

செனாக்கில் ஒரு சிறு துண்டு நிலம், பத்து ஏக்கரைக் கொஞ்சம் தாண்டியது, நீண்ட வழக்குக்குப் பிறகு ஸ்குவாமிஷ் நேஷனுக்குத் திரும்பியது. அதில் இப்போது அவர்களே உயரமான குடியிருப்புக் கோபுரங்கள் கட்டுகிறார்கள். அக்கம்பக்கத்தில் சிலருக்கு அந்த உயரம் பிடிக்கவில்லை. பூர்வகுடி மரபு என்றால் கம்பமும் படகும்தான் என்று பழகிய கண்ணுக்குக் கோபுரம் கொஞ்சம் உறுத்தத்தானே செய்யும்.

ஜான்சனின் புத்தகத்துக்கு 2023ல் மனிடோபா பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒரு புதுப் பதிப்பு கொண்டுவந்தது, பதிப்பாசிரியர் அலிக்ஸ் ஷீல்ட். அறிஞர்கள் வழக்கமாகச் செய்வதுபோல அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்ளாமல் தலைப்பையே மாற்றினார்கள். 1911ல் கமிட்டி ஒதுக்கிய "கபிலானோவின் தொன்மங்கள்" என்ற பெயர் அட்டைக்கு வந்துவிட்டது. ஜான்சன் பெயரோடு டெகாஹியோன்வாகே இருக்கிறது. கூடவே இன்னும் இரண்டு பெயர்கள்: ஜோ கபிலானோ, மேரி ஆக்னெஸ் கபிலானோ.